சீட் போட்டு வைத்தவர்கள்: ‘ரூம் குரூப்’ பிறந்த கதை

காலை நாலே முக்கால் மணி. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்கள் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ‘ஏ’ ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் தலை ஈரம் காயாமல், பாதி பின்னிய சடையோடு ஏறுகிறார்கள். முதலில் ஏறுகிறவள் சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் துப்பட்டாவை மடித்துப் போடுகிறாள். யாராவது அங்கே உட்காரப் போனால், “ஆள் வருதுக்கா” என்கிறாள். கேட்டவர் மறுபேச்சில்லாமல் பின்னால் போய்விடுகிறார். ஆள் வரும்வரை அந்த இடம் அந்தத் துணிக்குச் சொந்தம்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் நட்பு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், முதலில் அந்தத் துப்பட்டாவைத்தான் காட்டுவேன். அதற்கு அடுத்தபடியாக அவள் மடியில் இருக்கிற போனைக் காட்டுவேன். “கிளம்பிட்டியா?”, “பஸ் நம்பர் சொல்லு”, “எனக்கும் சீட் போடு” என்று அதில் செய்திகள் வந்தபடி இருக்கும். ஹாஸ்டல் அறைக்கு ஒன்று, லைனுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, ஊர்க்காரர்களுக்கு ஒன்று என்று ஒவ்வொருத்தியிடமும் ஏழெட்டு வாட்ஸப் குரூப்கள். மற்றவை வரும், போகும். ‘ரூம் குரூப்’ மட்டும் வேலை போன பிறகும், கல்யாணம் ஆன பிறகும் சிலரிடம் நிலைத்து நிற்கிறது. அது எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல இரண்டு ஊர்களின் கதையைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

முதல் ஊர் இதுதான். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். 1991 மே 21க்குப் பிறகு, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று உலகம் அறிந்தது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருளத் தொடங்கின. இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியது 2006இல் நோக்கியா ஆலை திறந்தபோது. அதன் வளாகத்திலேயே உதிரிபாக நிறுவனங்களும் வந்தன. திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர், இன்னும் தெற்கே என்று பல மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்கள் ஒரு பையோடு வந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை ஒரு ராத்திரிகூட வீட்டைவிட்டு வெளியே தங்கியதில்லை.

ஊரில் ஒரு தோழி என்றால் அவளுக்கு ஒரு தெரு உண்டு. இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால் நேரே வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் கேட்கலாம். இங்கே கிடைத்த தோழியை ஷிஃப்ட் பட்டியல்தான் கொண்டுவந்து சேர்த்தது. லைனில் பக்கத்தில் நின்றவள், கேண்டீன் வரிசையில் முன்னால் நின்றவள், அறையில் பக்கத்துப் பாயில் படுத்தவள். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறினால் அதே பட்டியல் அவளைப் பிரித்தும் விடும். ஒருத்தி வேலைக்குப் போகும்போது இன்னொருத்தி திரும்பி வந்து தூங்குவாள். செய்யாறு பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி என்னிடம் சொன்னது இது: “ஒரே ரூம்லதான்க்கா இருக்கோம். ரெண்டு வாரமா அவ மூஞ்சியப் பாக்கல. அவ தூங்குற முதுகத்தான் பாக்குறேன்.”

ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒரே நேரத்தில் விழித்திருக்க முடியாதவர்கள். இவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: அவள் இப்போது எந்த நிலையில் இருக்கிறாள்? தூங்குகிறாளா, வேலையில் இருக்கிறாளா, பேசலாமா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

அது கலிஃபோர்னியா. ஜான் கூம் உக்ரைனில், கீவ் நகருக்கு அருகே ஃபாஸ்தீவ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1992இல், 16 வயதில், அம்மாவோடு அமெரிக்கா போனார். அரசு கொடுக்கிற உணவுக் கூப்பனுக்காக வரிசையில் நின்ற குடும்பம். பிறகு யாகூவில் பொறியாளரானார். அங்கே பிரையன் ஆக்டன் நண்பரானார். 2009இல் கூம் ஒரு ஐஃபோன் வாங்கினார். உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கும்போது வருகிற அழைப்புகளை எடுக்க முடியவில்லை என்பது அவருடைய எரிச்சல். போனில் இருக்கிற பெயர்ப் பட்டியலில், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘பேச முடியாது’, ‘சார்ஜ் இல்லை’, ‘ஜிம்மில் இருக்கிறேன்’ என்று ஒரு வரி தெரிந்தால் போதுமே என்று நினைத்தார். 2009 பிப்ரவரி 24, தன் பிறந்தநாளன்று, வாட்ஸப் நிறுவனத்தைப் பதிவு செய்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். வாட்ஸப் செய்தி அனுப்புவதற்காகப் பிறந்ததே இல்லை. நண்பன் எந்த நிலையில் இருக்கிறான் என்று காட்டுவதற்காகப் பிறந்தது. ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. அந்த ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம், மூடிக் கிடக்கிற செயலியிலிருந்தும் அறிவிப்பு வரும் வசதியைக் கொண்டுவந்தது. அதன்பின், ஒருவர் தன் நிலையை மாற்றினால் மற்றவர்களின் போன் ஒலித்தது. கூமின் நண்பர்கள் அதை வைத்து விளையாட ஆரம்பித்தார்கள். ‘தாமதமாக எழுந்தேன்’, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று நிலையையே பேச்சாக்கினார்கள். பதிலுக்கு மற்றவர்களும் தங்கள் நிலையை மாற்றினார்கள். இது உரையாடல் ஆகிவிட்டது என்று கூமுக்குப் புரிந்தது. அதே ஆண்டில் செய்தி அனுப்பும் வசதியோடு அடுத்த பதிப்பு வந்தது.

‘கிளம்பிட்டேன், வந்துக்கிட்டிருக்கேன்’ என்பதைக் காசில்லாமல் சொல்ல ஸ்ரீபெரும்புதூர் அதற்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டால் கிளம்பியாயிற்று. இரண்டு விட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். தோழிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு அது. எடுத்துவிட்டால் காசு போகும், திட்டும் விழும். கொஞ்சம் பேசவேண்டும் என்றால் மெசேஜ் பேக் போட்டுக்கொள்வார்கள். அதிலும் தீபாவளி, பொங்கல், புத்தாண்டு நாட்களில் பேக் செல்லாது. ஒவ்வொரு செய்திக்கும் முழுக் காசு. வாழ்த்துச் சொல்ல மனம் துடிக்கிற நாளில்தான் கை கட்டப்படும். 2011 செப்டம்பர் 27 முதல், வணிகத் தொல்லைச் செய்திகளைத் தடுப்பதற்காக, ஒரு சிம்மிலிருந்து நாளுக்கு 100 குறுஞ்செய்திதான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு வைத்தது. நவம்பரில் அது 200 ஆயிற்று. 2012 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வரம்பை ரத்து செய்தது. அதற்குள் வேறு கதவு திறந்திருந்தது.

2010இல் நோக்கியாவின் சிம்பியன் போன்களுக்கும், 2011இல் அதைவிட மலிவான எஸ்40 வகைப் போன்களுக்கும் வாட்ஸப் வந்தது. அதே 2011இல் குரூப் வசதியும் வந்தது. 2013இல் நோக்கியா வெளியிட்ட ஆஷா 210 மாடலில், சில நாடுகளில், வாட்ஸப்புக்கென்றே ஒரு தனி பட்டன் வைத்திருந்தார்கள். தொடுதிரை போன் வாங்க முடியாதவர்களிடம் வாட்ஸப் போய்ச் சேர்ந்தது இந்த வழியாகத்தான். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் எந்த நிறுவனத்தின் போன்களை அந்தப் பெண்கள் பூட்டினார்களோ, அதே நிறுவனத்தின் போன்களிலேயே அவர்களுடைய பேச்சும் இடம் பிடித்தது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. வாட்ஸப்புக்கு முன் வந்த ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும் ‘நண்பர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டன. விண்ணப்பம் அனுப்பினால், மற்றவர் ஏற்றுக்கொண்டால், நண்பர். எத்தனை பேர் என்று எண்ணிக்கையும் காட்டும். நட்பிலிருந்து நீக்குவதைக் குறிக்கிற ‘அன்ஃபிரெண்ட்’ என்ற சொல்லை நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்க அகராதி 2009இல் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதே ஆண்டில் பிறந்த வாட்ஸப்பில் ‘நண்பர்’ என்ற சொல்லே கிடையாது. தொடர்பு உண்டு, குழு உண்டு. உறவுக்குப் பெயர் வைக்கிற வேலையை அது நம்மிடமே விட்டது. ஒரகடத்துப் பெண்கள் வைத்த பெயர்கள் எனக்குப் பிடித்தவை: அறை எண்ணையே பெயராக வைத்தது, ‘பி ஷிஃப்ட் பட்டாளம்’, ‘சாம்பார் வேண்டாம்’. நண்பர் என்று எதிலும் எழுதியிருக்காது. எழுதத் தேவையும் இல்லை.

2014இல் இரண்டு செய்திகள். பிப்ரவரியில் ஃபேஸ்புக் வாட்ஸப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. கூம் ஒருகாலத்தில் உணவுக் கூப்பனுக்காக நின்ற பழைய நல உதவி அலுவலகத்தின் கதவில் காகிதத்தை வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நவம்பர் 1 அன்று நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டது. வரிப் பிரச்சினையால் அந்த ஆலை, நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டின் கைக்கு மாறாமல் நின்றது, ஆர்டர்கள் நின்றன, விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்பே போயிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு.

என் கணக்கில் ரூம் குரூப் உண்மையில் பிறந்தது அந்த வருஷம்தான். அதுவரை குரூப் என்பது பக்கத்தில் இருப்பவர்களோடு பேசுகிற வசதி. ஆலை மூடியதும் அறைகள் காலியாயின. செய்திகள் மட்டும் நிற்கவில்லை. முதல்முறையாக, சேர்ந்து வேலை செய்யாத, சேர்ந்து தூங்காத, ஒரே ஊரில்கூட இல்லாத ஆறு பேர் ஒரு அறையின் பெயரால் கூடியிருந்தார்கள்.

அந்த ஆலையில் வேலை பார்த்து, இப்போது வந்தவாசிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் குரூப்பில் முதலில் 14 பேர் இருந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் குறைந்தார்கள். வாட்ஸப்பில் பெயருக்கோ முகத்துக்கோ கணக்கு கிடையாது, நம்பருக்குத்தான். சிம் போனால் ஆளே போய்விடுகிறாள். 120 நாட்கள் பயன்படுத்தாமல் இருந்தால் பொதுவாகக் கணக்கே அழிந்துவிடும். குரூப்பில் ‘லெஃப்ட்’ என்று ஒரு சாம்பல் வரி மட்டும் மிஞ்சும். இங்கே ஒரு பெண்ணின் நம்பர் எப்போது மாறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள். இல்லையென்றால் கல்யாணம் முடிந்த மாதம். புது சிம் கணவர் பெயரில் இருக்கும். பழைய நம்பரில் யார் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்குப் பயந்து, தானாகவே எல்லா குரூப்பிலிருந்தும் வெளியேறியவர்களும் உண்டு. சண்டையில்லாமல், சொல்லாமல், ராத்திரி பதினொரு மணிக்கு ‘லெஃப்ட்’. காலையில் பார்த்த மற்றவர்கள் காரணம் கேட்கவில்லை. அவர்களுக்கும் அந்த நாள் வரப்போகிறது.

தையல்காரப் பெண் ஒன்று செய்தாள். தன் நம்பரை மாற்றவே இல்லை. வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள். புது ஆஃபர், புது சிம் எல்லாம் வந்தது. ஆலை நாட்களில் வாங்கிய சிம்முக்கு மாசாமாசம் ரீசார்ஜ் செய்துகொண்டு அதையே வைத்திருக்கிறாள். “எல்லாரும் மாத்திட்டா யாரு எங்க வந்து தேடுவாங்கக்கா? ஒருத்தியாவது பழைய எடத்துலயே இருக்கணும்ல?” மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. எதிர்முனையில் அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல்: “நீ மட்டுந்தான்டி பழைய நம்பர்ல இருக்க!” அன்றைக்கே அவளை குரூப்பில் சேர்த்தாள். இப்போது ஒன்பது பேர்.

நான் இதை எழுதக் காரணமே அவள்தான். சமூக ஊடகம் நட்பை மலிவாக்கிவிட்டது என்கிற பேச்சை நானும் பேசியிருக்கிறேன். பேசியதில் உண்மையும் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, 2017 பிப்ரவரியில் படமும் வீடியோவும் போட்டு 24 மணி நேரத்தில் மறைகிற புதிய ‘ஸ்டேட்டஸ்’ வந்த பிறகு, ஹாஸ்டல் அறைகளில் புதிய விதமான காயங்கள் வந்தன. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவளைப் பற்றி, பெயர் சொல்லாமல், ஸ்டேட்டஸில் ஒரு சினிமா வசனம். அவளும் பெயர் சொல்லாமல் பதிலுக்கு ஒன்று. இருவருக்கும் நடுவில் ஒரு முழ தூரம். மூன்று நாள் பேச்சில்லை. பிறந்தநாளுக்கு என் படத்தை ஸ்டேட்டஸ் வைக்கவில்லை என்று அழுதவளைப் பார்த்திருக்கிறேன். நீலக் குறி விழுந்தும் பதில் வராத செய்தி இரவெல்லாம் ஒருத்தியை உறங்கவிடாமல் செய்ததையும் பார்த்திருக்கிறேன். கூம் முதலில் காட்ட நினைத்த நிலை, ‘நான் பேசக்கூடிய நிலையில் இருக்கிறேனா’ என்பது. இப்போது ஸ்டேட்டஸ் என்பது ‘எனக்கு யார் முக்கியம்’ என்று ஊருக்கே அறிவிக்கிற பலகையாகிவிட்டது. அறிவிக்காதது இல்லாதது என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. சத்தமில்லாமல் நட்பு காட்டத் தெரிந்தவர்களுக்கு இது கொடுமை.

ஆனால் பல எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போகவேண்டும். எட்டு மணி நேரம் மௌனம். அதனால் இங்கே ‘லாஸ்ட் சீன்’ பார்ப்பதற்கு வேறு அர்த்தம். செய்யாறுப் பெண் சொன்னாள்: “நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவ லாஸ்ட் சீன் பதினொரு மணின்னு காட்டுச்சுன்னா, தூங்கவே இல்லன்னு தெரிஞ்சிக்குவேன். வரும்போது ஒரு டீ வாங்கிட்டு வருவேன்.” முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்த சின்னச் சன்னல் அது.

குரூப்பின் இரண்டு முகமும் ஒரே இரவில் தெரிந்தது 2021 டிசம்பரில். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன் பூட்டுகிற பெண்கள் பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். போனவர்களில் சிலரைப் பற்றி அறைத் தோழிகளுக்குத் தகவல் இல்லை. பாய் காலியாக இருக்கிறது, போன் எடுக்கவில்லை, கேட்டால் சரியான பதில் இல்லை. அந்த இடைவெளியில் ‘இறந்துவிட்டார்களாம்’ என்ற செய்தி வாட்ஸப்பில் குரூப் குரூப்பாகப் பாய்ந்தது. அது பொய். ஆனால் டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மார்கழிக் குளிரில், விடிந்த பிறகும், எழுந்திருக்கவில்லை. கடைசியில் மருத்துவமனையில் இருந்த பெண்களை வீடியோ காலில் பேசவைத்து அதிகாரிகள் காட்டவேண்டியிருந்தது.

வதந்தியை நம்பிய கூட்டம் என்று அன்று பலர் எழுதினார்கள். வதந்தி எந்த வழியாகப் போனது என்பதை மட்டும் பார்த்தார்கள். எது அதற்கு இடம் கொடுத்தது என்று பார்க்கவில்லை. ஒரு அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை அடைந்து கிடந்த ஹாஸ்டல்கள் அவை என்று பிறகு செய்திகள் வந்தன. தங்குமிடமும் உணவுக்கூடமும் தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அந்த டிசம்பர் கடைசியில் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மறுபடி திறந்தது. இத்தனையும் நடந்தது, ‘என் பக்கத்துப் பாய்க்காரி எங்கே?’ என்று கேட்டவர்கள் பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்க மறுத்ததால். பொய்யைப் பரப்பிய அதே குரூப்பில்தான் அந்தக் கேள்வியும் பரவியது. கேள்வி உண்மையானது.

பார்க்காமலே நண்பராயிருப்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்கிற கதை கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். உறையூர் அரசன், பாண்டிய நாட்டுப் புலவர். முகநூல் நட்புக்கு முன்னோடி என்று மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது சந்திக்காமல் இருந்தது இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தை வருவான், அவனுக்கும் இடம் ஒழித்து வையுங்கள் என்கிறான். இதுவரை வராதவன் இனியா வரப்போகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம். பிசிராந்தையார் வந்தார். புறநானூறு முழுக்க எத்தனையோ இருக்கைகள், சிம்மாசனங்கள். ஒரு நண்பனுக்காகப் பிடித்து வைக்கப்பட்ட அந்த வெறும் தரை எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய மகளிர் விடுதியை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 18,720 பேர் தங்கலாம். ஓர் அறைக்கு ஆறு பேர். அப்படியென்றால் 3,120 அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூம் குரூப் பிறந்திருக்கும், அல்லது பிறந்துகொண்டிருக்கும். பாய்க்குப் பதில் கட்டில் கிடைத்திருக்கிறது. நல்லது, வெகுகாலம் தாமதமாக வந்த நல்லது. ஒப்பந்தம் முடிந்து கிளம்புகிறவர்களின் கதையும், ராத்திரி பதினொரு மணி ‘லெஃப்ட்’டும் அங்கேயும் இருக்கின்றன.

போன மாதம் ஒரு விடியற்காலை அந்தக் கம்பெனி பஸ் ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தேன். டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டார். சன்னலோரப் பெண் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். ‘வலது பக்கம் மூணாவது சீட்டு. சீக்கிரம் வாடி.’ ஒரு குறிதான் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. மற்றவளின் போனில் சார்ஜ் இல்லையோ, நெட் இல்லையோ. உள்ளே ஏறிய ஒரு அக்கா மடித்துக் கிடந்த துப்பட்டாவைப் பார்த்து நின்றார். பெண் போனைக் கீழே வைத்துவிட்டு, துணிமேல் கையை வைத்து, முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அண்ணா, ஒரு நிமிஷம்ணா. ஆள் வருது.”